20 விக்கெட் எடுத்தால் போதுமா? வெளிநாட்டு டெஸ்ட் தொடர்களில் இந்தியா சறுக்கியது பந்திலா, மட்டையிலா?

புதுப்பந்து:
வெளிநாட்டுத் தொடர் என்று பேச்செடுத்தாலே "நம்ம ஆளுங்களுக்கு ஸ்விங் ஆட வராது, பவுன்ஸ் ஆட வராது" என்று பேட்டிங்கைத்தான் எல்லோரும் போட்டுத் துவைக்கிறார்கள். என் கட்சி வேறு. டெஸ்ட் ஜெயிக்க, எதிரணியை இரண்டு இன்னிங்ஸிலும் பத்துப் பத்தாக 20 விக்கெட் எடுக்கவேண்டும்; குறை எப்போதும் அந்தப் பந்துவீச்சில்தான் இருந்தது.

1932-ல் இங்கிலாந்தின் லார்ட்ஸில் நம் முதல் டெஸ்ட். 158 ரன்னில் தோற்றோம், ஆனால் முகமது நிசார் முதல் இன்னிங்ஸிலேயே 93 ரன் கொடுத்து 5 விக்கெட். அமர் சிங் அடுத்த முனையில். அந்த ஜோடி போன பிறகு 1978-ல் கபில் வரும்வரை நிஜமான வேகம் நம்மிடம் இல்லை. விளைவு என்ன? 1959 இங்கிலாந்தில் 0-5. 1961-62 வெஸ்ட் இண்டீஸில் 0-5. 1967-68 ஆஸ்திரேலியாவில் 0-4. வெளிநாட்டில் முதல் வெற்றிக்கு 1968 பிப்ரவரி வரை காத்திருந்தோம்.

இன்னொரு சான்று வேண்டுமா? 2003-04-ல் ஆஸ்திரேலியா போனது சேவாக், டிராவிட், சச்சின், லக்ஷ்மண், கங்குலி. இதைவிட நல்ல பேட்டிங் வரிசை நம்மிடம் இருந்ததே இல்லை. சிட்னியில் 7 விக்கெட்டுக்கு 705 அடித்தார்கள். ஜெயித்தோமா? கடைசி நாள் ஆஸ்திரேலியா 357-க்கு 6 என்று நின்றுவிட்டது, தொடர் 1-1. 2018-19-ல் அந்த வரிசையில் பாதிகூட இல்லை. ஆனால் அதே ஆஸ்திரேலியாவில் பும்ரா 21 விக்கெட், ஷமி 16, இஷாந்த் 11. தொடர் 2-1. கணக்கு அவ்வளவுதான்.

நாலாவது_இன்னிங்ஸ்:
கணக்கு அவ்வளவுதான் என்றால் 2018 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

மூன்று டெஸ்ட். எதிரணியின் 60 விக்கெட்டும் விழுந்தன, ஒன்று பாக்கியில்லை. அவர்களின் ஆறு இன்னிங்ஸ்: 286, 130, 335, 258, 194, 177. இதற்கு மேல் ஒரு பந்துவீச்சுக் கூட்டணியிடம் என்ன கேட்பது? தொடர் 1-2. கேப் டவுனில் 208 அடிக்கவேண்டிய இடத்தில் 135-க்குச் சுருண்டோம், ஃபிலாண்டர் 42 ரன்னுக்கு 6.

அதே வருடம் இங்கிலாந்து. எட்ஜ்பாஸ்டனில் இலக்கு 194, எடுத்தது 162. சவுதாம்ப்டனில் இலக்கு 245, எடுத்தது 184. இந்த இரண்டிலும் 20 விக்கெட் எடுத்தாயிற்று. தொடர் 1-4.

இன்னும் பின்னால் போகலாம். 1996 டிசம்பர், டர்பன். வெங்கடேஷ் பிரசாத் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். தென்னாப்பிரிக்கா 235, 259. நாம் 100, 66. பிரசாத் இன்னும் என்ன செய்திருக்கவேண்டும், மட்டையையும் பிடித்திருக்கவேண்டுமா? அடுத்த மார்ச்சில் பார்படாஸ், இலக்கு வெறும் 120. எடுத்தது 81. லக்ஷ்மணைத் தவிர ஒருவரும் இரட்டை இலக்கம் தாண்டவில்லை.

வேகம் வந்ததால் வெற்றி வரவில்லை நண்பரே. வேகம் வந்ததால், தோல்வி கிட்டே வந்து நின்றது.

ஓவல்71:
இருவரும் வேகத்தை வைத்தே சண்டை போடுகிறீர்கள். வெளிநாட்டில் நாம் முதன்முதலில் ஜெயித்தது எதனால் என்று கொஞ்சம் பாருங்கள்.

1968 நியூசிலாந்து, பட்டோடி தலைமை. டனிடினில் 5 விக்கெட், கிறைஸ்ட்சர்ச்சில் தோல்வி, வெலிங்டனில் 8 விக்கெட், ஆக்லாந்தில் 272 ரன். 3-1. பிரசன்னாவுக்கு மட்டும் 24 விக்கெட். 1971-ல் வடேகர் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் 1-0, அதே வருடம் இங்கிலாந்து 1-0. ஓவலில் முதல் இன்னிங்ஸில் 71 ரன் பின்தங்கிய ஆட்டம் அது: 355-க்குப் பதில் 284. பிறகு சந்திரசேகர் 18.1 ஓவரில் 38 ரன்னுக்கு 6. இங்கிலாந்து 101. இலக்கு 173, நான்கு விக்கெட்டில் முடித்தோம்.

அங்கே புதுப்பந்து போட்டது யார்? அபித் அலியும் சோல்கரும். பளபளப்பைத் தேய்த்துவிட்டுப் பந்தைச் சுழலுக்குக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. சோல்கரின் நிஜமான ஆயுதம் அவர் கையிலிருந்த பந்தல்ல, பேட்டரின் மூக்குக்கு முன்னால், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்ற அவர் உடம்பு. வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட்டைத் தரையோடு பாய்ந்து பிடித்தாரே, அந்தக் கேட்ச்தான் ஆட்டத்தைச் சாய்த்தது. வெங்கட்டோ ஸ்லிப்பில் நின்றால் பந்து கீழே விழாது. அன்றைய சுழல், ஃபீல்டிங்கோடு சேர்ந்த ஒரு பொட்டலம். பிரித்துப் பேசக்கூடாது.

ஆக 20 விக்கெட்டும் வேண்டும், ஆனால் அதை எடுப்பது வேகமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

புதுப்பந்து:
ஓவல் அண்ணே, 71-ஐ மதிக்கிறேன். ஆனால் அதே சுழல் ஆட்கள் பேடி, பிரசன்னா, சந்திரா, வெங்கட் நால்வரும்தான் 1974-லும் இங்கிலாந்து போனார்கள். 0-3. லார்ட்ஸில் இங்கிலாந்து 629, நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 42. என்ன மாறியது? மாதம் மாறியது. 71-ல் டெஸ்ட்கள் ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 24-ல் முடிந்தன, தரை காய்ந்திருந்தது. 74-ல் ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டார்கள். ஈரம், குளிர், விரல் பிடிப்பே இல்லை. சுழலை நம்பிப் போனால் உங்கள் விதியை எழுதுவது அட்டவணை போடும் ஆள்.

77-78 ஆஸ்திரேலியாவிலும் மெல்போர்னில் சந்திரா இரண்டு இன்னிங்ஸிலும் 52 ரன்னுக்கு 6, சிட்னியில் இன்னிங்ஸ் வெற்றி. எல்லாம் சரி. ஆனால் எதிரில் கெர்ரி பேக்கரின் தனியார் தொடருக்கு ஆட்கள் போனதால் 41 வயதில் பாப் சிம்ப்சனைக் கூப்பிட்டுக் கேப்டனாக்கிய அணி. அப்போதும் 2-3.

ஸ்கோர்கார்டு:
ஜூன் மாதக் கோட்பாட்டில் ஓட்டை. 1986-ல் இங்கிலாந்தில் 2-0 ஜெயித்தது ஜூனில்தான். லார்ட்ஸ், அப்புறம் ஹெடிங்லி. ஹெடிங்லியில் ரோஜர் பின்னி 40 ரன்னுக்கு 5, இங்கிலாந்து 102. 279 ரன் வித்தியாசம்.

புதுப்பந்து:
அது என் கட்சிக்குத்தானே சாதகம்! சேத்தன் சர்மா, கபில், பின்னி, அந்த ஒரு டெஸ்ட்டுக்கு மதன்லால். ஜூனில் ஸ்விங் செய்யும் ஆட்கள் இருந்தார்கள், ஜூனில் ஜெயித்தோம்.

நாலாவது_இன்னிங்ஸ்:
அந்தத் தொடரில் வெங்சர்க்கார் என்று ஒருவர் ஆடினாரே, ஞாபகம் இருக்கிறதா? லார்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 126. ஹெடிங்லியில் மற்றவர்கள் தடுமாறிய பிட்ச்சில் 61-ம், ஆட்டமிழக்காமல் 102-ம். அவரைக் கழித்துவிட்டு பின்னியை மட்டும் எண்ணக்கூடாது.

ஒன்பதாம்_ஆள்:
ரெண்டு பக்கமும் முதல் ஆறு பேர், முதல் மூன்று பந்துவீச்சாளர்கள் என்றே பேசுகிறீர்கள். தொடர்கள் கைநழுவிய இடம் 7-க்குக் கீழே. நம் வாலும் (கடைசியில் இறங்கும் ஆட்கள்) சரி, எதிரணியின் வாலை வெட்ட முடியாததும் சரி.

2018 எட்ஜ்பாஸ்டன்: இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 87-க்கு 7. அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கவேண்டும். சாம் கரன் 63 அடித்து 180-க்குக் கொண்டுபோனார். நாம் தோற்றது 31 ரன்னில். சவுதாம்ப்டன்: முதல் இன்னிங்ஸில் 86-க்கு 6, மறுபடி கரன் 78, மொத்தம் 246. தோல்வி 60 ரன்னில். இரண்டு டெஸ்ட்டையும் ஒரே ஆள், எட்டாவது இடத்தில் இறங்கி எடுத்துக்கொண்டு போனார். 20 விக்கெட் எடுத்தோம் என்கிறீர்கள். எத்தனை ரன்னுக்கு எடுத்தோம் என்பதல்லவா கேள்வி?

1997 ஜோஹன்னஸ்பர்க்கிலும் அதே கதை. டிராவிட் 148, 81. ஜெயித்திருக்கவேண்டிய ஆட்டம். கல்லினன் ஆட்டமிழக்காமல் 122, கூட நின்ற க்ளூஸ்னர் 49. மழையும் சேர்ந்துகொண்டது. 228-க்கு 8 என்று டிரா.

2025 ஹெடிங்லி நம் வாலுக்கு உதாரணம். 430-க்கு 3 என்று இருந்து 471-ல் முடிந்தோம். இரண்டாவது இன்னிங்ஸில் 333-க்கு 4, முடிந்தது 364. ஒரே டெஸ்ட்டில் நம் ஆட்கள் ஐந்து சதம் அடித்தும் தோற்றோம். ஐந்து சதம் அடித்துத் தோற்ற அணி டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் கிடையாது. 371 இலக்கை இங்கிலாந்து 5 விக்கெட்டில் எடுத்துவிட்டது. ஜெய்ஸ்வால் விட்ட நாலு கேட்ச்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021 லார்ட்ஸ், ஒன்பதாவது விக்கெட்டுக்கு ஷமி 56, பும்ரா 34, இருவரும் அவுட் இல்லை. 89 ரன் கூட்டு. அதே மதியம் இங்கிலாந்து 120-க்கு ஆல் அவுட். பிரிஸ்பேன் 2021, ஏழாவது விக்கெட்டுக்கு வாஷிங்டன் சுந்தர் 62, ஷர்துல் 67. அந்த 123 ரன் இல்லாவிட்டால் கடைசி நாள் 328-ஐத் துரத்தியிருக்க மாட்டோம், 450-ஐத் துரத்தியிருப்போம்.

புதுப்பந்து:
எதிரணி வாலை வெட்ட முடியாதது பந்துவீச்சுக் கோளாறு. என் பக்கம் வந்துவிட்டீர்கள், நன்றி 🙂

ஏன் வெட்ட முடியவில்லை என்பதைச் சொல்கிறேன். பந்து. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் கூக்கபுரா. அதில் நடு இரண்டு வரிசைத் தையல்தான் பந்தின் இரண்டு பாதிகளையும் பிடிக்கிறது. வெளி வரிசைகள் இயந்திரத் தையல். 25, 30 ஓவரில் தையல் படுத்துவிடும், பந்து மெத்தென்று ஆகிவிடும். இங்கிலாந்தின் டியூக்ஸில் ஆறு வரிசையும் கைத்தையல், தூக்கி நிற்கும். நம் ஊர் எஸ்ஜியும் கைத்தையல்தான். இதனால் நம் ஆள் கூக்கபுராவோடு போய் நின்றால் முதல் 25 ஓவரில் ராஜா, அடுத்த 50 ஓவரில் கூலி.

2014 வெலிங்டன் பாருங்கள். நியூசிலாந்து முதல் இன்னிங்ஸ் 192. நாம் 438. இரண்டாவது இன்னிங்ஸில் 94-க்கு 5. தொடரைச் சமன் செய்ய இன்னும் ஐந்து விக்கெட் போதும். பந்து பழசானது. மெக்கல்லமும் வாட்லிங்கும் ஆறாவது விக்கெட்டுக்கு 352 சேர்த்தார்கள். மெக்கல்லம் 302. 680-க்கு 8, டிரா. அன்று நம்மிடம் பழைய கூக்கபுராவை வைத்து எதையும் செய்யத் தெரிந்த ஆள் இல்லை: அகலமாகப் போய் விரலால் வெட்டி ஏமாற்றுகிற ஆளோ, குட்டைப் பந்தை விலாவுக்குப் போடும் ஆளோ, ஒருவரும் இல்லை.

லெங்த் இன்னொன்று, அதாவது பந்து தரையில் குத்தும் தூரம். நம் ஊரில் ஸ்டம்ப்பின் தலையைத் தொடும் லெங்த்தை அப்படியே பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ போட்டால் அது ஸ்டம்புக்கு ஒரு ஜாண் மேலே போகும். பேட்டர் மட்டையைத் தூக்கிவிட்டு நிம்மதியாக நிற்பார். பார்க்க "பீட் ஆனான்" என்று அழகாக இருக்கும், விக்கெட் விழாது. ஓர் அடி, இரண்டடி முன்னால் தள்ளிப் போடவேண்டும். போட்டால் டிரைவ் வாங்குவோமோ என்ற பயத்தை மறக்கவேண்டும். தொண்ணூறுகளில் நம் ஆட்கள் செய்யாததும் 2018-க்குப் பிறகு செய்ததும் இதுதான்.

நாலாவது_இன்னிங்ஸ்:
லெங்த் பற்றிச் சொன்னது சரி. அதே நியாயம் பேட்டருக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் பந்தை லெங்த் பார்த்து விடலாம், ஸ்டம்புக்கு நேராக வந்தாலும் மேலே போய்விடும். இங்கிலாந்தில் லைன் (பந்து வரும் திசை) பார்த்துத்தான் விடவேண்டும், ஏனென்றால் எழும்பாது, ஸ்டம்பில் வந்து உட்காரும். இந்த வித்தியாசம் பிடிபடாமல் ஒரே வருடத்தில் இரண்டு நாட்டுக்கும் போனவர்கள்தான் போல்டும் எல்பிடபிள்யுவுமாக வெளியேறினார்கள்.

புஜாரா 2018-19-ல் எடுத்த 521 ரன்னை எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்ப்பது 1258 பந்து. நாலு டெஸ்ட்டில் ஒரே ஆள் 200 ஓவருக்கு மேல் தின்றால் கம்மின்ஸ், ஹேசில்வுட், ஸ்டார்க் மூவரும் சிட்னி வருவதற்குள் கால் இழுத்துக்கொண்டு வருவார்கள். அங்கே 622-க்கு 7 அடித்தோம். பந்துவீச்சாளர்கள் வாங்கிய 48 விக்கெட்டுக்கு முன்பணம் கட்டியது அந்த 1258 பந்து.

கோலியை எடுங்கள். 2014 இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன், ஆண்டர்சனிடம் மட்டும் நாலு முறை. 2018-ல் 593 ரன், ஆண்டர்சனுக்கு ஒரு முறைகூட விக்கெட் கொடுக்கவில்லை. என்ன மாற்றினார்? க்ரீஸுக்கு வெளியே நின்றார், ஸ்விங் ஆகும் முன்பே பந்தைச் சந்திக்க. உள்ளே வரும் பந்தை எதிர்பார்த்து இடுப்பைத் திறந்துகொள்ளும் பழக்கத்தை விட்டார். ஆனால் ஒரு கோலி திருந்தினால் போதாது, மீதிப் பேர் திருந்தவில்லை. அதனால்தான் 1-4.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சின்ன இலக்குகள். 120, 208, 194, 245. இலங்கையையும் சேர்த்துக்கொள்ளலாம்: 2015 காலே, இலக்கு 176, ஹெராத் 48 ரன்னுக்கு 7, நாம் 112. அங்கே ஸ்விங்கும் இல்லை, பவுன்ஸும் இல்லை. ஆக இது பிட்ச் நோய் இல்லை, நாலாவது இன்னிங்ஸ் நோய்.

ஸ்கோர்கார்டு:
எதிர்க் கணக்கும் இருக்கட்டும். 1971 ஓவல் 173. 1986 லார்ட்ஸ் 134. 2003 அடிலெய்ட் 230: அகார்கர் 41 ரன்னுக்கு 6 எடுத்துப் பாதை போட்டார், முதல் இன்னிங்ஸில் 233 அடித்த டிராவிட் 72-ஓடு அவுட் ஆகாமல் நின்று முடித்தார். பெரியவை: 1976 போர்ட் ஆஃப் ஸ்பெயின் 403, 2021 பிரிஸ்பேன் 328.

ஓவல்71:
1976 போர்ட் ஆஃப் ஸ்பெயினைக் குறிப்பிட்டதற்கு நன்றி. அன்று லாய்ட் மூன்று சுழல் ஆட்களோடு இறங்கினார், நாம் 4 விக்கெட்டுக்கு 406. அதற்குப் பிறகுதான் அவர் நாலு வேகம் என்ற வழிக்கே முழுதாக மாறினார். வெஸ்ட் இண்டீஸின் பதினைந்து வருட ஆட்சிக்கு ஒரு செங்கல் நாம் எடுத்துக் கொடுத்தது. அடுத்த கிங்ஸ்டன் டெஸ்ட்டிலேயே வட்டியோடு வாங்கிக்கொண்டோம்; இரண்டாவது இன்னிங்ஸ் 97-ல் நின்றது, மட்டை பிடிக்க ஆள் மிச்சமில்லை.

சுழலுக்கு வருகிறேன். 2018 பெர்த். புல் பச்சையாகத் தெரிந்தது என்று நாலு வேகம், ஒரு சுழல்கூட இல்லை. எதிரணியில் சுழல் ஆள் லயன் 8 விக்கெட், ஆட்ட நாயகன். 146 ரன்னில் தோல்வி. இதற்கு நேர் எதிர் 2002 ஹெடிங்லி. மேகம், ஈரம், டாஸ் ஜெயித்து பேட்டிங், அணியில் கும்ப்ளேவும் ஹர்பஜனும். சஞ்சய் பாங்கர் 236 பந்தில் 68 எடுத்துப் புதுப்பந்தை உறிஞ்சினார். டிராவிட் 148, சச்சின் 193, கங்குலி 128. 628-க்கு 8. பிறகு கும்ப்ளே 7 விக்கெட். இன்னிங்ஸும் 46 ரன்னும். வெளிநாட்டில் நம் பலத்தோடு போனால் ஜெயிக்கிறோம், அவர்கள் பலத்தை இரவல் வாங்கிப் போனால் உதை வாங்குகிறோம்.

புதுப்பந்து:
2018 ஜோஹன்னஸ்பர்க்: புவனேஷ்வர், பும்ரா, இஷாந்த், ஷமி, ஹர்திக். ஐந்து வேகம், சுழல் சைபர். 63 ரன்னில் வெற்றி. ஷமி 28 ரன்னுக்கு 5. இரவல் பலம் அங்கே எப்படி வேலை செய்தது அண்ணே?

ஓவல்71:
அந்தப் பிட்ச் ஆபத்தானது என்று ஆட்டமே நடுவில் நிறுத்தப்பட்டது. அதை விதியாக்காதீர்கள்.

நாலாவது_இன்னிங்ஸ்:
அந்த வெற்றியிலும் புஜாரா முதல் ரன் எடுக்க 54 பந்து. ரஹானேவை முதல் இரண்டு டெஸ்ட்டில் உட்கார வைத்துவிட்டு மூன்றாவதில் இறக்கினார்கள், இரண்டாவது இன்னிங்ஸில் 48. கேப் டவுனில் ஆறு விக்கெட் எடுத்த புவனேஷ்வரை செஞ்சூரியனில் நிறுத்தியதும் இதே தொடரில்தான். அணித் தேர்வைப் பற்றித் தனியாக ஒரு திரியே ஓட்டலாம்.

ஒன்பதாம்_ஆள்:
பயிற்சி ஆட்டம் பற்றி யாரும் பேசவில்லை. 2018-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒரே இரண்டு நாள் ஆட்டத்தையும் வேண்டாம் என்றுவிட்டு வலைப்பயிற்சிக்குப் போனார்கள். இங்கிலாந்தில் எசெக்ஸோடு நாலு நாள் ஆட்டம் மூன்று நாளாகச் சுருங்கியது. 71 அணி கவுண்டிகளோடு வாரக்கணக்கில் ஆடிவிட்டுத்தான் லார்ட்ஸில் இறங்கியது. முதல் டெஸ்ட்டையே பயிற்சி ஆட்டமாக வைத்துக்கொண்டால் தொடர் 0-1 என்றுதான் தொடங்கும்.

புதுப்பந்து:
அதில் முழு உடன்பாடு இல்லை. பயிற்சி ஆட்டத்தில் கொடுக்கும் பிட்ச்சும், எதிரில் வரும் இரண்டாம்தரப் பந்துவீச்சும் டெஸ்ட்டோடு ஒட்டாது. அரைகுறை நூறு அடித்து ஏமாந்ததுதான் மிச்சம். நல்ல வலைப்பயிற்சியில் பந்தை எறியும் ஆள் 145 கிலோமீட்டர் வேகம் காட்டுகிறார். ஆனால் பந்துவீச்சாளருக்கு அது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது ஸ்பெல்லில் கால் என்ன சொல்லும் என்பது வலையில் தெரியாது. 2011 லார்ட்ஸில் ஜாகீர் முதல் நாளே 13.3 ஓவரில் தொடைத்தசை பிடித்து வெளியேறினார். தொடர் 0-4.

நாலாவது_இன்னிங்ஸ்:
அந்த 0-4-ஐ ஜாகீர் தொடையில் கட்டாதீர்கள். டிராவிட் ஒருவர் மூன்று சதம் அடித்தார், மற்றவர்கள் எங்கே?

ஸ்கோர்கார்டு:
2007-ல் அதே ஜாகீர். டிரெண்ட் பிரிட்ஜில் 9 விக்கெட், இடதுகை ஆட்களுக்கு ஸ்டம்பைச் சுற்றி வந்து வெளியே எடுத்தார். தொடர் 1-0. இந்தியப் பக்கம் அந்தத் தொடர் முழுக்க ஒரே ஒரு சதம். அடித்தது அனில் கும்ப்ளே, 110. பேட்டிங்தான் எல்லாம் என்பவர்கள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாலாவது_இன்னிங்ஸ்:
சதம் இல்லை, ஆனால் டிரெண்ட் பிரிட்ஜில் 481, ஓவலில் 664. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அடித்தார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

ஓவலை எடுத்ததால் இன்னொன்று. 319 ரன் முன்னிலை இருந்தும் டிராவிட் ஃபாலோ-ஆன் கொடுக்கவில்லை, அதாவது அவர்களை உடனே மறுபடி ஆட வைக்கவில்லை. 1-0 போதும் என்ற எண்ணம். 2011 டொமினிக்காவில் தோனி: இலக்கு 180, 94-க்கு 3, கையில் 7 விக்கெட், 15 ஓவரில் 86 ரன் வேண்டும். கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து பிரிஸ்பேனில் அதே நிலைமையில் பந்த் நின்றிருந்தார், துரத்தி முடித்தார்.

ஒன்பதாம்_ஆள்:
2025 லார்ட்ஸுக்கு வருவோம், நாலாவது இன்னிங்ஸ் நோய் முற்றிய இடம் அது. இலக்கு 193. நாலாம் நாள் முடிவில் 58-க்கு 4. மறுநாள் ஜடேஜா 181 பந்தில் 61, அவுட் இல்லை. பும்ரா 54 பந்து, சிராஜ் 30 பந்து நின்றார்கள். 22 ரன்னில் தோல்வி. ஜடேஜா அடித்திருக்கவேண்டும் என்பவர்களுக்கு: ஃபீல்டர்கள் எல்லோரும் எல்லைக்கோட்டில், பந்து மெத்தென்று, பிட்ச்சில் வேகம் இல்லை. ஓவரின் நாலாவது, ஐந்தாவது பந்தில் ஒற்றை ரன் எடுத்து வாலை மறைப்பதைத் தவிர வேறு வழி அங்கே இல்லை.

நாலாவது_இன்னிங்ஸ்:
சுழல் ஆள் பஷீர் பந்துவீச வந்தபோதாவது ஒரு கை பார்த்திருக்கலாம். ஆனால் தோற்ற இடம் அதுவல்ல. முதல் இன்னிங்ஸில் இருவரும் 387. நம் கடைசி நாலு விக்கெட் 11 ரன்னில் விழுந்தது. ராகுலை மதிய உணவுக்கு முன் சதம் அடிக்க வைக்கவேண்டும் என்று ஒற்றை ரன் ஓடி பந்த் 74-ல் ரன் அவுட். இதெல்லாம் ஒரு 50 ரன் வருமா? 22-ல் தோற்ற ஆட்டம்.

ஒன்பதாம்_ஆள்:
எதிர்ப்பக்கம் 271-க்கு 7 என்று இருந்த இங்கிலாந்தை 387 வரை விட்டோமே. ஸ்மித் 51, கார்ஸ் 56. இரண்டாவது புதுப்பந்தில் பும்ரா மூன்றைப் பிடுங்கினார். பந்து உருவம் போய்விட்டது என்று பத்து ஓவரிலேயே நாமே மாற்றக் கேட்டு, வந்த மாற்றுப்பந்து செத்த பந்து. அதற்குப் பிறகு வால் வாலாக இல்லை.

ஸ்கோர்கார்டு:
பும்ரா பற்றி ஒரு தகவல், புதுப்பந்து அவர்களுக்கு. 2024-25 ஆஸ்திரேலியாவில் அவர் 32 விக்கெட், சராசரி 13.06. தொடர் 1-3. 2025 இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட் ஆடினார். நாம் ஜெயித்த இரண்டும், எட்ஜ்பாஸ்டன், ஓவல், அவர் ஆடாதவை.

புதுப்பந்து:
இதைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். இது என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. ஒரு ஆள் 20 விக்கெட் எடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் அவர் 150 ஓவருக்கு மேல் போட்டு சிட்னியில் முதுகு பிடித்து வெளியேறினார். மெல்போர்னில் 91-க்கு 6 என்று ஆக்கிய பிறகு லயனும் போலண்டும் கடைசி விக்கெட்டுக்கு 61 ரன் இழுத்தது, மறுமுனை ஓய்ந்துபோனதால்.

எட்ஜ்பாஸ்டனில் ஆகாஷ் தீப் பத்து விக்கெட்.

நாலாவது_இன்னிங்ஸ்:
கில் 269-ம் 161-ம் அடித்த பிறகு. எதிரணிக்கு 608 இலக்கு வைத்தால் பந்துவீச்சாளர் ஸ்லிப்பில் நாலு பேரை நிறுத்திக்கொண்டு போடலாம்.

புதுப்பந்து:
ஒப்புக்கொள்கிறேன். ஓவலைப் பாருங்கள், அங்கே கில்லின் பெரிய ஸ்கோரும் இல்லை, குஷனும் இல்லை. இலக்கு 374, இங்கிலாந்து 301-க்கு 3. ப்ரூக் 19-ல் இருந்தபோது சிராஜ் கேட்ச்சைப் பிடித்துக்கொண்டே எல்லைக்கோட்டை மிதித்தார், அவர் 111 வரை போனார். கடைசி நாள் காலை 35 ரன், நாலு விக்கெட். 80 ஓவர் ஆனதும் புதுப்பந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மேகமூட்டத்தில் பழைய டியூக்ஸ் அழகாக விலகிக்கொண்டிருந்தது. புதுசு எடுத்தால் விளிம்பில் பட்டு ஸ்லிப் தலைக்கு மேல் நாலு போகும், 35 ரன்னில் அது இரண்டு முறை நடந்தால் போதும். 85.1 ஓவரில் சிராஜ் அட்கின்சன் ஸ்டம்பைப் பெயர்த்தார், 6 ரன். பழைய பந்தை வைத்து என்ன செய்வது என்று வெலிங்டனில் தெரியாமல் இருந்ததற்கும் ஓவலில் தெரிந்ததற்கும் நடுவில் பதினோரு வருடம்.

ஓவல்71:
அதே மைதானம், அதே ஆகஸ்ட் மாதம். ஃபீல்டிங்கையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், நீங்கள் சொன்ன ப்ரூக் கேட்ச்சும் அதே பொட்டலத்தில்தான் இருக்கிறது.

நாலாவது_இன்னிங்ஸ்:
அந்த டெஸ்ட்டில் நாலாவது இன்னிங்ஸ் ஆடியது அவர்கள். நம் கையில் 374 கொடுத்து அதே காலையில் 35 எடுக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தென்னாப்பிரிக்காவில் 1992 முதல் இதுவரை ஒரு தொடர்கூட ஜெயிக்கவில்லை, ஐந்து டெஸ்ட் ஜெயித்திருக்கிறோம். 2024 கேப் டவுனில் சிராஜ் 15 ரன்னுக்கு 6 எடுத்து அவர்களை 55-க்குச் சுருட்டிய அதே நாள், நாம் 153-க்கு 4 என்று இருந்து அடுத்த ஆறு விக்கெட்டை ஒரு ரன்கூடச் சேர்க்காமல் கொடுத்தோம். இலக்கு 79 என்பதால் தப்பித்தோம். 179 ஆக இருந்திருந்தால் எந்தப் பந்துவீச்சாளரைக் கூப்பிட்டிருப்பீர்கள்?